1787 நியூ ஜெர்சி செப்புக்காசின் அடியில் வேறு எழுத்துகள் தெரிகின்றன: இது போலியா?

கேள்வி

வணக்கம். 1792ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிலடெல்பியா நாணயச்சாலை உருவாவதற்கு முன்பு அமெரிக்க மாநிலங்கள் வெளியிட்ட செப்புக்காசுகளைச் சேர்க்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. அண்மையில் 1787 எனப் பொறித்த நியூ ஜெர்சி காசு ஒன்றை வாங்கினேன். ஒரு பக்கத்தில் குதிரைத் தலையும் கலப்பையும் 'நோவா சீசரியா' என்ற, நியூ ஜெர்சியின் இலத்தீன் பெயரும், மறுபக்கத்தில் கேடயமும் 'இ ப்ளூரிபஸ் யூனம்' என்ற வாசகமும் உள்ளன. உருப்பெருக்கியில் பார்த்தபோது, கேடயத்தின் கோடுகளுக்கு இடையே ஒரு மனிதத் தலையின் வளைவும், விளிம்பை ஒட்டி சி, ஓ, என் என்னும் உரோமன் எழுத்துகளின் தடமும் மங்கலாகத் தெரிகின்றன. எடை 8.8 கிராம்தான் இருக்கிறது. நியூ ஜெர்சியின் சட்டம் விதித்ததோ 150 கிரெயின், அதாவது சுமார் 9.72 கிராம். விளிம்பில் சிறிது பச்சைக் களிம்பும் உண்டு. திருப்பிக் கொடுக்க இன்னும் பத்து நாள் அவகாசம் இருக்கிறது. கொடுத்துவிடலாமா?

பதில் 1

அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் தலையும் எழுத்துகளும் கனெக்டிகட் மாநிலத்தின் செப்புக்காசுக்கு உரியவை. அதன் முன்பக்கத்தில் 'ஆக்டோரி கனெக்' என்று இருக்கும். உங்களிடம் இருப்பது ஒரு பழைய காசின் மேல் மறுபடியும் அடிக்கப்பட்ட காசாக இருக்கலாம். நியூ ஜெர்சி 1786இல் இயற்றிய சட்டப்படி அதன் காசுகள் ஒரு ஷில்லிங்குக்குப் பதினைந்து என்ற கணக்கில் செல்லுபடியாயின. மாநில அரசே அவற்றை ஏற்றுக்கொண்டதால், மற்ற செப்புக்காசுகளின் மதிப்பு சரிந்தபோதும் இவற்றின் மதிப்பு ஓரளவு நிலைத்து நின்றது. புதிதாகச் செப்புத் தகடு உருட்டி வில்லை வெட்டுவதைவிட, மலிவாகக் கிடைத்த கனெக்டிகட் காசைக் குதிரைத் தலை அச்சுக்கு அடியில் வைத்து அடிப்பது இலாபமான வேலை. குதிரைத் தலை ஒட்டகத்தினுடையது போலத் தெரிவதால் சேகரிப்பாளர்கள் 'ஒட்டகத் தலை' என்று அழைக்கும் 1787 வகை பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது.

எடைக் குறைவுக்கும் இதுவே காரணமாகலாம். கனெக்டிகட் விதித்த எடையே 144 கிரெயின்தான், சுமார் 9.33 கிராம், நடைமுறையில் அதற்கும் குறைவாக அடிக்கப்பட்டவை ஏராளம். மேலே எந்த மாநிலத்தின் பெயரைப் பொறித்தாலும் எடை அடியில் உள்ள காசினுடையதுதானே. பொறித்த ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸில் வெளியான பைன் மர ஷில்லிங் வெள்ளிக்காசுகள் பல ஆண்டுகள் அடிக்கப்பட்டும் எல்லாவற்றிலும் 1652 என்றே இருக்கிறது. 1787 என்று பொறித்த உங்கள் காசும் ஓரிரு ஆண்டு கழித்து அடிக்கப்பட்டதாக இருக்கக்கூடும்.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அடித்தடம், அதாவது அடியில் உள்ள பழைய காசின் தடம், இருப்பது மட்டுமே அசல் என்பதற்குச் சான்றாகாது. இப்படிப் பழைய காசின் மேல் அடிக்கப்பட்ட ஓர் அசல் காசிலிருந்து அச்செடுத்து வார்த்தால், அந்த அடித்தடமும் சேர்ந்தே வார்ப்பில் வந்துவிடும். ஆகவே முதலில் விளிம்பைப் பாருங்கள். வார்ப்பாக இருந்தால் சுற்றிலும் இணைப்புக் கோடோ அதை அரத்தால் தேய்த்த தடமோ இருக்கலாம். பரப்பில் நுண்ணிய குமிழிக் குழிகளும் இருக்கலாம். ஆனால் நெடுநாள் மண்ணில் கிடந்த அசல் செம்பிலும் குழிகள் விழும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்து, அதே வகைக் காசுகளின் படங்களோடு ஒப்பிடுங்கள். ஒரே அச்சு பல காசுகளில் வருவது இயல்பு; ஆனால் ஒவ்வொரு பழைய காசும் அச்சுக்கடியில் வெவ்வேறு கோணத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதே அடித்தடம் அதே இடத்தில் அதே கோணத்தில் இரண்டாவது காசிலும் இருந்தால், இரண்டில் ஒன்றாவது போலி. என் அனுபவத்தில் இதைவிட உறுதியான சோதனை இல்லை.

பதில் 3

களிம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புளிப்புள்ள எதையும், உலோகம் துலக்கும் பசைகளையும், அந்தக் காசின் அருகே கொண்டு செல்லாதீர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் படிந்த பழுப்பு நிறம் ஒருமுறை போனால் திரும்பாது. துலக்கிய செம்பின் செயற்கையான சிவப்பு எந்தச் சேகரிப்பாளரின் கண்ணுக்கும் உடனே தெரியும். தூய அசிட்டோன் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் பிவிசி பிளாஸ்டிக் உறையின் கசிவையும் நீக்கும், ஆனால் உண்மையான களிம்பை நீக்காது. பச்சை பரவவில்லை என்றால் அதை விட்டுவிட்டு, காசைப் பிவிசி கலக்காத உறையில் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. விளிம்பில் இணைப்புக் கோடோ அரத்தின் தடமோ இல்லை. பதினான்கு படங்களோடு ஒப்பிட்டேன்; அச்சு ஒட்டகத் தலையோடு பொருந்துகிறது, அடித்தடம் எதனோடும் பொருந்தவில்லை. காசைச் சாய்த்து ஒளியில் பிடித்தபோது குதிரையின் கழுத்துக்குக் கீழே, கனெக்டிகட் காசின் பின்பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுருவின் தோளும் கையும் தெரிந்தன. நான் இதை வைத்துக்கொள்கிறேன்.