ஜாக்ஃபீல்டு கெண்டிக்குத் திரும்பத் தங்கம் பூசலாமா?

மைக்கெண்டி: 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தேநீர்க் கெண்டி ஒன்று வாங்கினேன். ஜாக்ஃபீல்டு வகை மண்பாண்டம், கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்பு. தங்க வேலைப்பாடுதான் முக்கால்வாசி போய்விட்டது. கைப்பிடிக்கு அடியில் ஒரு கொடியும் இரண்டு இலையும் மிச்சம். திரும்பத் தங்கம் பூசக் கொடுக்கப்போகிறேன். செய்தவர் பார்த்த அழகை நாமும் பார்க்க வேண்டாமா?

சூளைமண்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்தத் தங்கம் சூளையில் சுட்டு ஏற்றியது அல்ல. கறுப்பு மெருகு சுட்டு ஆறிய பிறகு எண்ணெய்ப் பசை தடவி, அதன்மேல் தங்கத்தை ஒட்டினார்கள். அதனால்தான் கைபட்டும் கழுவியும் போயிருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பசை இருந்த இடம் மங்கலாகத் தெரியக்கூடும். புதுப் பூச்சு அதையும் மூடிவிடும்.

மைக்கெண்டி: சுடாத பூச்சுதானே, புதுப்பித்தால் என்ன? சுட்ட மெருகை நான் தொடப்போவதில்லை. பழைய நாற்காலிக்கு மெருகெண்ணெய் போடுவதில்லையா?

சூளைமண்: மெருகெண்ணெய் போடுவது வேறு, படம் வரைவது வேறு. இரண்டு இலையை வைத்து மீதிக் கொடியை ஊகித்தால், அது பூசுகிறவருடைய கொடி.

பழம்பெட்டி: இன்னொன்று. இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில் உள்ள ஜாக்ஃபீல்டு என்ற ஊரில் மாரிஸ் தர்ஸ்ஃபீல்டு என்ற குயவர் 1750 வாக்கில் இவற்றைச் செய்தது சரிதான். ஆனால் ஸ்டாஃபோர்ட்ஷயரிலும் செய்தார்கள். அங்கே ஃபென்டனில், தாமஸ் வீல்டன் பட்டறை இருந்த இடத்தில் இதே கறுப்புச் சில்லுகள் தோண்டி எடுக்கப்பட்டன. பெரும்பாலும் அடியில் முத்திரை இருக்காது. அதனால் 'ஜாக்ஃபீல்டு' இன்று ஊர்ப் பெயர் என்பதைவிட வகைப் பெயர். எங்கே செய்தது என்று தேட உடலின் மண், மூக்கு, கைப்பிடி, வேலைப்பாடு இவைதான் சாட்சி. அதில் ஒன்றை ஏன் அழிக்க வேண்டும்?

மைக்கெண்டி: மூக்கின் நுனி உடைந்த இடத்தில் உள்ளே செம்மண் நிறம் தெரிகிறது. நேற்று ராத்திரி டார்ச்சைச் சாய்த்தும் அடித்துப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் முழுக்கக் கொடி ஓடுகிறது, நடுவே பெரிய பூ. பகலில் ஒன்றுமே தெரியாத இடம் அது! சரி, வயிற்றைத் தொடமாட்டேன். ஆனால் மூடியின் குமிழில் சுவடே இல்லை. அங்கே மட்டும் பூசினால் எதுவும் அழியாதே?

சூளைமண்: குமிழ் மட்டும் புதிதாக மின்னினால் கண் அங்கேதான் போகும், கொடியை யாரும் தேடமாட்டார்கள். அந்தக் கொடியைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள். அப்புறம், சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்த இரண்டு இலையும் போய்விடும்.

மைக்கெண்டி: படம் போடுகிறேன். குமிழ் விஷயத்தில் இன்னும் உடன்படவில்லை.