பக்கவாத நோயாளி, பீட்டா பிளாக்கர், 4 நிமிட சைக்கிள்: நாடி ஏறவே மாட்டேங்குது

மிதிகட்டை (கேள்வி):
நோயாளிக்கு வயது 58. மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு, வலது கை காலில் பலவீனம், வந்து 10 வாரம் ஆகிறது. வாக்கர் பிடித்து நடப்பார். மெட்டோபிரோலால் (நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை) எடுக்கிறார், ஓய்வு நாடி 64. இ.சி.ஜி. பார்த்து இதய மருத்துவர் பயிற்சிக்கு அனுமதி கொடுத்துவிட்டார். சாய்வு இருக்கை சைக்கிளில் உட்கார வைத்தால் 4 நிமிடத்தில் வலது கால் நின்றுவிடுகிறது. அப்போது நாடி 84தான். 220லிருந்து வயதைக் கழித்து உச்ச நாடி எடுத்து, ஓய்வு நாடிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியில் 40 சதவீதம் ஏறணும் என்று கணக்குப் போட்டால் குறைந்தது 103 வரணும். ரெசிஸ்டன்ஸை (பெடலின் இறுக்கத்தை) கூட்டினால் கால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது. அந்த இடைவெளியில் 40 முதல் 70 சதவீதம் வரை நாடி ஏறணும் என்று சொல்கிறார்களே, இவரை அங்கே எப்படிக் கொண்டுபோவது?

நாடிக்கணக்கு:
சைக்கிளை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணக்கைத் திருத்துங்க. பீட்டா பிளாக்கர் நாடியின் உச்சத்தையே இறக்கிவிடும், அதனால் 220 சூத்திரம் இவருக்குச் செல்லாது. இந்த மாத்திரை எடுக்கும் இதய நோயாளிகளை வைத்து எடுத்த சூத்திரம் 164 − (0.7 × வயது). இவருக்கு 123 வரும். ஓய்வு நாடி 64 போக மிச்சம் 59. அதில் 40 சதவீதம் 24, 70 சதவீதம் 41. மறுபடி 64ஐக் கூட்டினால் வரம்பு 88லிருந்து 105.

ஆக, 84 என்பது வாசற்படி. நீங்கள் துரத்துகிற 103தான் இவருக்குக் கிட்டத்தட்ட கூரை.

இதுவும் உத்தேசம்தான், ஆளுக்கு ஆள் நன்றாகவே பிசகும். இ.சி.ஜி.யோடு ட்ரெட்மில் அல்லது சைக்கிள் டெஸ்ட் செய்ய முடிந்தால் அதில் வரும் உச்ச நாடியை எடுங்க. ஆனால் மாத்திரை போடாமல் செய்த டெஸ்ட் எண், மாத்திரை போட்டுச் செய்யும் பயிற்சிக்கு உதவாது. மாத்திரைக்கும் பயிற்சிக்கும் உள்ள இடைவெளியையும் தினம் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்க.

கடையாணி:
இதயம் களைக்கும் முன்பே கால் களைத்துவிடுகிறது, இங்கே சிக்கல் அதுதான். முதலில் மெஷினைப் பாருங்க. ‘வாட்ஸ்’ அளவை, அதாவது மிதிக்கும் சக்தியை, ஒரே நிலையில் பிடித்துவைக்கும் மோடில் ஓடுகிறதா? அந்த மோடில் சுற்று குறையக் குறைய மெஷின் தானாகவே பெடலை இறுக்கும். பலவீனமான கால் லேசாகத் தயங்கினாலே பெடல் கனக்கும், கனத்ததும் கால் நின்றுவிடும். மேனுவல் மோடுக்கு மாற்றி, மிகக் குறைந்த ரெசிஸ்டன்ஸில் நிமிடத்துக்கு 50 சுற்று பழகட்டும்.

அடுத்தது பாதம். முன்பாதத்தை மட்டும் ஸ்ட்ராப்பில் கட்டினால் விரல்மேட்டில் அழுத்தம் விழும், கெண்டைச்சதை இறுகும், சிலருக்குக் கணுக்கால் படபடவென்று துடிக்கவே ஆரம்பித்துவிடும். குதிகாலோடு முழுப் பாதமும் தாங்கும் பெடல் போடுங்க, வெல்க்ரோ குதிகாலுக்கும் வேண்டும். பெடல் மிகத் தொலைவுக்குப் போகும்போதும் முழங்கால் 25–30 டிகிரி மடங்கியே இருக்கணும். சீட் பின்னால் போனால் இடுப்பு சறுக்கும், முழங்கால் பின்பக்கம் இடித்து நிற்கும். வலது கை பிடியில் நிற்காது என்றால் இழுத்துக் கட்டாதீங்க, தோள்பட்டை வலி வந்துவிடும். மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையை வையுங்க.

நல்ல கால்தான் முக்கால் வேலையும் செய்கிறது என்று கவலை வேண்டாம். நடைப் பயிற்சியில் அது குறை, இங்கே இல்லை. எந்தக் கால் மிதித்தாலும் இதயத்துக்கு வேலைதான்.

அளவு: 2 நிமிடம் மிதி, 1 நிமிடம் சும்மா, இப்படி 5 சுற்று. முன்னும் பின்னும் 3–5 நிமிடம் மெதுவாக. வாரம் 3 நாள். ஓய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தொடர்ந்து 20 நிமிடம் வந்தபின்தான் ரெசிஸ்டன்ஸில் கை வைக்கணும். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டினால், மறுநாள் களைப்பு எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. 8 வாரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்க.

மிதிகட்டை:
மெஷின் வாட்ஸ் மோடில்தான் இருந்திருக்கு! இன்னொன்று: இவருக்குப் பேச்சு சரியாக வராது. எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நோயாளியே எண்ணில் சொல்லும் 6–20 போர்க் அளவைக் காட்டினால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். 11–14ல் இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூச்சுக்காற்று:
பேச்சு போனவருக்குப் பேச்சை வைத்து மூச்சிரைப்பை அளக்கும் சோதனையும் கைகொடுக்காது. எண்களை விட்டுவிட்டு மூன்றே முகப்படம் வையுங்க: சுலபம், கொஞ்சம் கஷ்டம், ரொம்பக் கஷ்டம். ஓய்வில் இருக்கும்போதே கேளுங்க. அப்போதும் ‘ரொம்பக் கஷ்டம்’ என்று தொட்டால் அவருக்குப் படம் புரியவில்லை என்று அர்த்தம், நாடியையும் மூச்சின் வேகத்தையும் மட்டும் நம்புங்க. கால் களைத்ததா, மூச்சு வாங்குகிறதா என்பதைத் தனியாகக் காலையும் நெஞ்சையும் தொட்டுக் காட்டிக் கேட்கலாம்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை இடது கையில் மாட்டுங்க, பி.பி.யும் அந்தக் கையில்தான். நாடி தாறுமாறாக அடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவருக்குக் கருவியின் எண் நிலையாக இருக்காது, 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவதும் ஏமாற்றும். முழு நிமிடம் எண்ணணும்.

ஓய்விலேயே பி.பி. 200/110க்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. மருத்துவர் இவருக்கென்று இன்னும் குறைந்த வரம்பு எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. நடுவில் 250/115ஐத் தாண்டினாலும், நெஞ்சுவலி, தலைசுற்றல், புதிதாக முகக்கோணல் வந்தாலும் நிறுத்துங்க. பலர் கவனிக்காதது ஒன்று: வேலை கூடும்போது மேல் எண் 10க்கு மேல் இறங்கினாலும் நிறுத்தணும். இன்சுலின் எடுப்பவர் என்றால் தொடங்கும் முன் சர்க்கரை பாருங்க. பீட்டா பிளாக்கர், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும், பெரும்பாலும் வியர்வைதான் காட்டிக்கொடுக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பக்கவாதம் வந்த முதல் நாளே எழுப்பி நடக்கவிட வேண்டாம். 2015ல் வெளியான அவெர்ட் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பிப் பயிற்சி கொடுத்தவர்களின் நிலை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 3 மாதத்தில் மோசமாகத்தான் இருந்தது. உங்கள் ஆளுக்கு 10 வாரம் ஆகிவிட்டது, அவருக்கு அந்தத் தடை இல்லை.