பெட்டைகள் அடைக்கு உட்கார என்ன செய்யலாம்?

புதுக்கூடு:
என்னிடம் ஐந்து பெட்டை, ஒரு சேவல். முட்டைக்குக் குறைவில்லை, ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்கார மாட்டேன் என்கிறது. தினமும் காலையில் முட்டைகளை எடுத்துவிடுவேன். இன்குபேட்டரில் விருப்பமில்லை, தாயோடு குஞ்சுகள் மேய்வதைப் பார்க்கத்தான் ஆசை. வழி உண்டா?

செங்கொண்டை:
என்ன ரகம்? லெகார்ன் போன்ற முட்டை ரகங்களில் அடைகாக்கும் குணமே பெரும்பாலும் போய்விட்டது. அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். சில்க்கி, கொச்சின் ரகங்கள் எளிதில் உட்காரும்.

புதுக்கூடு:
நாட்டுக்கோழிதான்.

அடைக்கூடை:
அப்படியானால் முட்டை எடுப்பதை நிறுத்துங்கள். கூட்டில் சேர்ந்து கிடக்கும் முட்டைகள் அடிவயிற்றில் படப்படத்தான் கோழியின் உடம்பில் புரோலாக்டின் ஏறும். அந்த ஹார்மோன்தான் முட்டையிடுவதை நிறுத்தி அடைக்கு உட்கார வைக்கிறது. நல்ல முட்டை வீணாகுமே என்று நினைத்தால் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த முட்டைகளைப் போட்டு வையுங்கள். கூடு இருட்டான மூலையில், ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்கட்டும்.

இரவிலும் கூட்டிலேயே கிடந்து, கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தால் அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று நாள் உறுதியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, ராத்திரியில் போலி முட்டைகளை எடுத்து, நல்ல முட்டைகளை ஒரே தடவையில் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு போதும். கூட வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு போதாது. ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டை வேண்டாம். எல்லாவற்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். மற்ற பெட்டைகள் அதே கூட்டில் முட்டையிட்டுப் போகும், அவற்றை அன்றன்றே எடுத்துவிடலாம்.

இதையெல்லாம் விட நான் பெரிதாக நினைப்பது செள், அதாவது கோழியின் உடம்பில் ஏறிக் கடிக்கும் பேன் போன்ற சிறு பூச்சி. நாள் முழுக்க அசையாமல் கிடக்கும் கோழியை அது சும்மா விடாது. கடி பொறுக்காமல் நல்ல தாய்க்கோழிகூடக் கூட்டை விட்டு எழுந்து போய்விடும். உட்காருவதற்கு முன்பே கூட்டைச் சுத்தம் செய்து புது வைக்கோல் போடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

செங்கொண்டை:
தீனியும் தண்ணீரும் கூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நாளுக்கு ஒரு தடவை எழுந்து, தின்று, எச்சமிட்டு, மண் குளித்துவிட்டு அரை மணிக்குள் தானே திரும்பிவிடும். ஏழாம் நாள் இருட்டில் முட்டைகளுக்குப் பின்னால் டார்ச் வைத்துப் பாருங்கள். நரம்பு ஓடாமல் தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம்.

புதுக்கூடு:
நன்றிங்க. கூடையைக் கவிழ்த்து உள்ளே அடைத்து வைத்தால் சீக்கிரம் உட்காருமா?

அடைக்கூடை:
வேண்டாம். மனமில்லாத கோழி மிரண்டு முட்டையை மிதித்து உடைக்கும். நீங்கள் இடத்தை அமைத்துக் கொடுங்கள், உட்காருவது அதன் பாடு. முட்டை வைத்ததிலிருந்து 21 நாள். 20ஆம் நாளிலிருந்தே ஓடு கீறும் சத்தம் கேட்கும். அப்போது கோழியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். கடைசிக் குஞ்சு வெளிவர ஒரு நாள் கூடுதலாகவும் ஆகலாம்.