பையனை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

தண்டையார்பேட்டை அம்மா:
பையனுக்கு ஏழு வயது. பள்ளியை நிறுத்திவிட்டு நானே சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். "நாளைக்கு சர்டிபிகேட்டுக்கு எங்கே போவே?" என்கிறார் மாமியார். எப்படித் தொடங்குவது?

காசிமேடு அப்பா:
சர்டிபிகேட் கவலையை விடுங்க. மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறதே, என்.ஐ.ஓ.எஸ்., அதில் 14 வயது முடிந்தால் நேரடியாகப் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தமிழிலும் எழுதலாம். 5 பாடம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, பதிவு 5 வருடம் செல்லும்.

எங்கள் வீட்டில் புத்தகம் காலையில் மட்டும்தான். கணக்குக்கு மீன்பிடித் துறைமுகம். ஒரு கூடை சங்கரா ஏலம் போனதும், ஐஸை எவ்வளவு கழிப்பது, கிலோ என்ன விலை விழுகிறது என்று மகள் மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள். ஏலக்காரரே திரும்பிப் பார்ப்பார்! இலக்கணத்துக்கு மட்டும் ஓடி ஒளிவாள், அது வேறு கதை.

பெரம்பூர் அக்கா:
நிறுத்தும்போது டிசியைக் கையோடு வாங்கிடும்மா. தமிழ்நாடு பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு விளையாட விடு.

தண்டையார்பேட்டை அம்மா:
சரிங்க அக்கா. அண்ணா, இலக்கணத்தை அப்புறம் எப்படித்தான் சமாளிக்கிறீங்க?