மாங்குளத்துப் பழைய ஜீப்: பச்சை பூசுவதா, இருந்தபடி விடுவதா?

முறிகண்டியான் (கேள்வி):
வணக்கம். மாங்குளத்தில் எங்கள் வயற்கொட்டிலில் அப்பப்பாவின் ஜீப் ஒன்று நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய இராணுவ வண்டி என்றே அவர் சொல்லிவந்தார். முன்முகத்தில் உள்ள கிரில் தகட்டில் ஒன்பது துளைகள் இருக்கின்றன. ஆனால் பின்பக்கம் நெல்மூட்டை ஏற்றுவதற்காக வெட்டப்பட்டுக் கதவு பொருத்தப்பட்டிருக்கிறது. 2008 இறுதியில் இடம்பெயர்ந்தபோது ஓடாத வண்டி என்று விட்டுச் சென்றோம். மீளக்குடியேறி வந்து பார்த்தபோது டயர்களும் பற்றரியும் போயிருந்தன. பதிவுப் புத்தகமும் இல்லை, இலக்கத்தகடு மட்டும் உண்டு. இது உண்மையில் போர்க்கால ஜீப்தானா? பச்சை பூசி, அந்தப் போரின் நேச நாட்டு வண்டிகளில் இருந்த வெள்ளை நட்சத்திரத்தை வரைந்து வைத்திருக்கலாமா?

வவுனிக்குளத்தார்:
தம்பி, ஒன்பது துளை நல்ல அறிகுறி. 1945 இல் பொதுமக்களுக்காக வந்த வில்லிஸ் ஜீப்புக்கு ஏழு துளைகளும் பெரிய முகப்பு விளக்குகளும் தொழிற்சாலையிலேயே போட்ட பின்கதவும் இருந்தன. போர்க்கால வண்டியின் விளக்குகள் கிரிலுக்குப் பின்னால் கீல் வைத்துப் பொருத்தப்பட்டவை. அவற்றை மேலே திருப்பினால் வெளிச்சம் எஞ்சினில் விழும், இரவில் பழுது பார்க்கச் செய்த ஏற்பாடு அது. உங்கள் வண்டியிலும் அது திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு ரேடியேற்றருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தைத் தேய்த்துப் பாருங்கள்: உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், கவிழ்த்த பள்ளத் தகடு என்றால் போர்ட். இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 இலட்சத்துக்கு மேல் செய்தவை என்பதால், வண்டி அரிதான பொருளல்ல. அதன் வாழ்க்கைதான் அரிது.

கராஜ்காரன்:
உள்நாட்டுப் போரின்போது பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியதா என்று வீட்டாரைக் கேளுங்கள். காபரேட்டரில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவது அப்போது வன்னியில் யாருக்கும் தெரிந்த கலை. இந்த 2.2 லீற்றர் எஞ்சினின் அழுத்த விகிதம் (எரிகலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 6.48 மட்டுமே என்பதால் அது அந்தக் கொடுமையைத் தாங்கியது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், பெயாரிங்குகள் தேயும். ஆகவே ஒயில் சட்டியைக் கழற்றிப் பார்க்காமல் எஞ்சினைச் சுற்றவே வேண்டாம். மின்சாரம் 6 வோல்ற். யாராவது 12 வோல்ற் பற்றரியைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஏ9 வாசி:
முதலில் ஆவணம், பிறகு வர்ணம். இலக்கத்தகட்டில் உள்ள இலக்கத்தைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விபரம் பெற்று, அதில் உள்ள செசி இலக்கத்தை வண்டியில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். அப்பப்பாவின் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழும் உரித்தாளர் ஆவணங்களும் இல்லாமல் பெயர் மாறாது. பதிவில் நிறமும் இருப்பதால், பச்சை பூசினால் அதையும் திருத்த வேண்டும். சட்டத்துக்கு அப்பால், எங்கள் ஊரில் பச்சை வண்டி ஒழுங்கைக்குள் திரும்பினால் கிழவிகள் கதவடைப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். ஐரோப்பாவில் சேகரிப்போர் நட்சத்திரம் போடுகிறார்கள், அங்கே அது விடுதலையின் நினைவு. இங்கே அதற்கு அந்தப் பொருள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் கட்டளையகம் பேராதனையில் இருந்தது என்பதற்காக நெல் ஏற்றிய வண்டியை ஏன் மறுபடி படையில் சேர்க்க வேண்டும்? வெட்டிய பின்கதவை அப்படியே விடுங்கள்.

முறிகண்டியான்:
குறுக்குச் சட்டத்தைத் தேய்த்தேன்; பள்ளத் தகடு, போர்ட்தான். இடது விளக்கு திரும்புகிறது, வலதின் கீல் துருவேறி இறுகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஓடியதை அப்பா உறுதிப்படுத்தினார். பச்சை எண்ணத்தைக் கைவிட்டேன். கராஜ்கார அண்ணா, ஒயில் சட்டியைக் கழற்றும்போது ஒயில் கசியாமல் இடையில் வைக்கும் பேப்பர் கஸ்கற்றை இங்கேயே வெட்டிக்கொள்ளலாமா?

கராஜ்காரன்:
தாராளமாக வெட்டலாம். பழையதைக் கிழிக்காமல் எடுத்து, அதை அச்சாக வைத்து வெட்டுங்கள்.