நூல் வாங்கப் போன ஊரில் விழுந்த சிக்கு

தெம்பனிஸ் கண்ணி:

இஸ்தான்புல், போன டிசம்பர். கூர்க்ச்சு ஹான் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: கிராண்ட் பஜாரிலிருந்து எமினோனூ பக்கம் இறங்கும் மஹ்முத்பாஷா சரிவில் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய வணிகர் சத்திரம். ஒரு காலத்தில் மென்மயிர்த் தோல் விற்ற இடம், பெயரே அதுதான். இப்போது முற்றத்தைச் சுற்றி நூல், மாடியிலும் நூல். நான் பின்ன ஆரம்பித்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, தலைகால் புரியவில்லை.

விரலைக் காட்டி ஏழு உருண்டை கேட்டேன். 100 கிராம் உருண்டை, கத்தரிப்பூ நிறம், முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டருக்கு. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஐந்தை எடுத்து மேசையில் வைத்தார். மீதி இரண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு "ஓல்மாஸ்" என்றார். கண்ணெதிரே ஏழு இருக்கிறது, தரமாட்டேன் என்கிறார். காசை எடுத்து நீட்டினேன். "ஓல்மாஸ், ஓல்மாஸ்." பிறகு ஐந்தில் ஒன்றையும் கையிலிருந்த ஒன்றையும் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போய் நின்று, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

வெளியே போ என்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பயணத்தில் அதற்கு முன்பே இரண்டு இடங்களில் ஒரு மாதிரியாகப் பார்த்திருந்தார்கள், அந்தக் கோபமும் உள்ளே இருந்தது. "எங்க மூஞ்சியப் பாத்தா நூல் வாங்குற மூஞ்சியாத் தெரியலையா?" என்று தமிழிலேயே கத்திவிட்டு இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் இரண்டு உருண்டைகளையும் இரண்டு கையில் ஏந்தியபடி அப்படியே நின்றார். எதிர்க்கடைப் பையன் அதே நூலில் ஏழு உருண்டையை எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக் கொடுத்தான்.

ஏப்ரலில் பின்னி முடித்தேன். வீட்டு டியூப்லைட்டில் ஒரு குறையும் இல்லை. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வெயிலில் நின்றால் தோளுக்குக் கீழே பட்டையாக ஒரு கோடு, மேலே ஒரு கத்தரிப்பூ, கீழே ஒரு கத்தரிப்பூ. குப்பையில் போடாமல் வைத்திருந்த லேபிள்களை எடுத்துப் பார்த்தேன். ஐந்தில் ஒரு லாட் நம்பர், இரண்டில் வேறு. ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குத்தான் ஒரே லாட் நம்பர். அவர் வாசலுக்குப் போனது வெளிச்சத்துக்கு. அவர் நூலின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் என் நிறத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓல்மாஸ் என்றால் 'ஆகாது, சரிவராது' என்று துருக்கிக்காரச் சக ஊழியர் ஒருவர் பிறகு சொன்னார்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எனக்கு மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.


நூலாசிரியன்:

எனக்கும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். தோக்கியோ, 2018. 8 மில்லிமீட்டர் குரோஷே ஊசி வேண்டும் என்று எட்டு விரலைக் காட்டினேன். அந்த அம்மாள் 8/0 என்று எழுதிய ஊசியைத் தந்தார். ஓட்டலில் அளந்தால் 5 மில்லிமீட்டர். மறுநாள் போய்க் குரலை உயர்த்தினேன். அவர் தலை குனிந்தபடியே இருந்தார். அந்தக் குனிந்த தலை இன்னும் மறக்கவில்லை. ஜப்பானில் 8/0 என்றாலே 5 மில்லிமீட்டர்தான், 6/0 என்றால் 3.5. தப்பு என்னுடையது.

அதனால் புதிதாகப் பயணம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஊசியை எந்த நாட்டிலும் எண்ணைச் சொல்லிக் கேட்காதீர்கள், மில்லிமீட்டரை எழுதிக் காட்டுங்கள். பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும், நம் பாட்டிமார் பெட்டியில் கிடக்கும் 14ஆம் நம்பர் ஊசி 2 மில்லிமீட்டர்தான். நூலுக்கும் இதே தொல்லை. ஆஸ்திரேலியாக்காரர்கள் 8 பிளை என்று சொல்லும் நூல் பருமனைத்தான் மற்றவர்கள் டிகே என்கிறார்கள், எத்தனை இழை முறுக்கியது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று லேபிளில் பாருங்கள், அந்த ஒரு கணக்கு போதும். 400 மீட்டர் என்றால் காலுறைக்கு, 200 என்றால் ஸ்வெட்டருக்கு. சிட்டமாக, அதாவது உருண்டையாகச் சுற்றாத நூல் கட்டாக வாங்கினால் கடையிலேயே உருண்டையாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள், ஓட்டல் நாற்காலி முதுகில் மாட்டிச் சுற்றி விடிய விடியச் சிக்கு எடுத்தவன் சொல்கிறேன்.

ஒரே லாட் நம்பர் கிடைக்காவிட்டால் இரண்டு உருண்டைகளையும் மாற்றி மாற்றி இரண்டிரண்டு வரிசை பின்னினால் கோடு விழாது. ஊசியைக் கைப்பையில் கொண்டுபோகலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். நம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் டெர்மினல் 4 தவிர மற்றவற்றில் கைப்பைச் சோதனை விமானம் ஏறும் வாயிலருகில்தான், அங்கே ஆகாது என்றால் பெரிய பெட்டி அதற்கு முன்பே போயிருக்கும். திரும்பி வரும்போது, வாங்கிவந்த பொருளுக்கு ஜிஎஸ்டி வரி: 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் 500 சிங்கப்பூர் வெள்ளி மதிப்பு வரை சலுகை, அதற்குக் குறைவென்றால் 100 வெள்ளி. காலையில் போய் மாலையில் திரும்பும் ஜோகூர் பயணத்துக்கு 100தான், ஞாபகம் இருக்கட்டும்.


உட்லண்ட்ஸ் வாசி:

ஜிஎஸ்டி சலுகை எல்லோருக்கும் என்று போகிறபோக்கில் எழுதாதீர்கள். வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ், சார்ந்திருப்போர் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அது கிடையாது. இங்கே நம்மில் பாதிப் பேர் அந்தக் கணக்கில்தான் வருகிறோம். எனக்குச் சொல்ல அனுபவம் ஒன்றும் இல்லை, இதைச் சொல்லத்தான் வந்தேன்.


ஊசிப்பட்டாசு:

காத்மாண்டு. தமேல் கடைத்தெரு தெரியும்தானே, எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் யாக் கம்பளி, பஷ்மினா, கிழிந்த பட்டுச் சேலையை முறுக்கிய நூல். நான் வாங்கியது யாக் நூல் என்று சொல்லி விற்ற பழுப்பு நிறச் சிட்டம் பத்து. விலை கொஞ்சம் மலிவாகவே பட்டது, அதுவே உறுத்தல். இரவு ஓட்டல் குளியலறையில் ஒரு முழத்தை வெட்டித் தீக்குச்சி வைத்தேன். கம்பளியாக இருந்தால் முடி கருகிய நாற்றம் வரும், தீ தானாக அடங்கும், சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகும். என்னுடையது உருகிச் சொட்டிக் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. முழுக்க அக்ரிலிக்.

மறுநாள் காலை சண்டைக்குத் தயாராகப் போனேன். முதலாளி இல்லை, பதினேழு பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் மட்டும். அந்தக் கறுப்பு மணியை மேசையில் வைத்தேன். அவனுக்குப் புரியவில்லை. இந்தியிலும் ஆங்கிலத்திலும் கலந்து சொன்னேன். "காட்டுங்க" என்றான். கடை வாசலில் உட்கார்ந்து கொளுத்திக் காட்டினேன். அவன் உள்ளே போய் இன்னொரு சிட்டத்தில் ஒரு துண்டு வெட்டி வந்தான். அதுவும் மணி. அப்புறம் வேறு நிறம். அப்புறம் சால்வையின் குஞ்சத்திலிருந்து ஒரு இழை. நான் போதும் போதும் என்கிறேன், அவன் கேட்கவில்லை. சின்னச் சின்னக் கறுப்பு மணிகளாக வரிசையாக வைத்துக்கொண்டே போனான். ஒன்றே ஒன்று மட்டும் முடி கருகிய வாசனையோடு சாம்பலானது. அதை மட்டும் உள்ளங்கையில் வைத்து முகர்ந்து முகர்ந்து பார்த்தான்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். முதலாளி வந்து அவனை என்ன சொன்னாரோ. அந்த நேபாள ரூபாய் இரண்டு தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.


நூலாசிரியன்:

ஊசிப்பட்டாசு, தீ வைத்துப் பார்ப்பதில் விலங்கு மயிரா பிளாஸ்டிக்கா என்பது மட்டும்தான் தெரியும். யாக்கா செம்மறியாடா என்று தெரியாது. பட்டும் அதே நாற்றம்தான் அடிக்கும். கலப்பு நூலாக இருந்தால் இரண்டும் கலந்து காட்டும். ஆகவே சாம்பலான அந்த ஒன்றும் யாக் என்று சொல்ல முடியாது.


ஊசிப்பட்டாசு:

நான் எங்கே யாக் என்று சொன்னேன்? திரும்பப் படியுங்கள்.


ஈசூன் தம்பி:

நூலாசிரியன் அண்ணே, கண்ணி அக்கா கேட்டது அனுபவம். நீங்கள் வழிகாட்டிப் புத்தகம் எழுதிவிட்டீர்கள், பெயர்ப் பொருத்தம் சரிதான்.

என்னுடையது கடையில் நடந்தது இல்லை. திருச்சிக்குப் போகும் விமானம், நடு இருக்கை. நான் காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். ஆண்பிள்ளை பின்னினால் நம் ஆட்கள் பார்க்கும் பார்வை எனக்குப் பழகிவிட்டது, எம்ஆர்டி ரயிலில் தினமும் உண்டு. சன்னலோரம் ஒரு பாட்டி. மகள் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். அரை மணி நேரம் என் கையையே பார்த்தார். "யாருப்பா சொல்லிக் குடுத்தா?" என்றார். யூடியூப் என்றேன். "கொண்டா" என்று கையை நீட்டினார்.

பாட்டி நூலைப் பிடித்த விதம் நான் பார்த்திராதது. இடது கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று, பிறகு ஆள்காட்டி விரல். சின்ன வயதில் ஊட்டியில் இருந்தபோது பின்னியதாம், கல்யாணத்துக்குப் பிறகு தொடவே இல்லையாம். முதல் வரிசையில் திணறினார். இரண்டாவதில் கண்ணை எடுத்து சன்னலைப் பார்த்துக்கொண்டே பின்னினார். நான் நூலுருண்டையை மடியில் வைத்து உருட்டி உருட்டி விட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு வரிசை. சாப்பாடு வந்தபோது திருப்பிக் கொடுத்து, "பிரிச்சுப் பின்னிக்கப்பா, கண்ணி இறுக்கமாப் போச்சு" என்றார்.

இறுக்கம்தான். என் கண்ணியோடு ஒட்டவில்லை. கண்ணிகள் முறுக்கிக்கொண்டும் இருந்தன. காலுறை நண்பனின் பிறந்தநாளுக்கு. அன்று இரவே திருச்சியில் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது அந்தப் பதினோரு வரிசையும் ஒரே இழுப்பில் வந்துவிட்டது, பத்து நொடிகூட ஆகவில்லை. வேறு நூலில் அந்தக் காலுறையைப் பின்னியிருக்கலாம், அந்த யோசனை அப்போது வரவில்லை.


வயர்கூடை:

நான் எங்கும் போகவில்லை, எனக்கு ஊர் இங்கே வந்தது. போன வருடம் பின்லாந்திலிருந்து ஒரு பெண், எங்கள் சமூக மன்றப் பின்னல் குழுவில் ஒருவருக்குத் தெரிந்தவர். இரண்டு நாள் சிங்கப்பூர், நூல்கடை காட்ட வேண்டும். சைனாடவுனில் பீப்பள்ஸ் பார்க் சென்டருக்குக் கூட்டிப்போனேன். பிளாசா சிங்கப்பூராவில் ஸ்பாட்லைட் கடையைக் காட்டினேன். எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: இது ஆஸ்திரேலியா, இது ஜப்பான், இது துருக்கி, உங்கள் ஊர் நூல் எது?

என்ன சொல்வது? ஆடும் இல்லை, பருத்தியும் இல்லை. சரி, லிட்டில் இந்தியா தேக்காவில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அழைத்துப் போனேன். பஃபலோ ரோட்டில் மாலை கட்டும் கடை முன்னால் நின்றுவிட்டார். சாப்பாடு மறந்துபோனது. கட்டுகிறவர் பூவைப் பார்க்கவில்லை, எங்களோடு பேசிக்கொண்டே கட்டுகிறார். மல்லிகை இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நூலை ஒரு சுழற்று, இழு. பின்லாந்துக்காரி குனிந்து அந்த விரலை மட்டும் பார்க்கிறார். தன் கையில் காற்றிலேயே சுழற்றிப் பார்க்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ மெதுவாகச் செய்து காட்டு" என்றார்.

எனக்குத் தெரியாது. நெல்லிக்காய் முடிச்சில் வயர் கூடை போடுவேன், சிவன் கண் போடுவேன், யூடியூப் பார்த்து ஐரிஷ் ரோஜா குரோஷே போடுவேன். பூக் கட்டத் தெரியாது. அம்மா கட்டும்போதெல்லாம் எனக்குப் பூ எடுத்துக் கொடுக்கிற வேலைதான். தெரியாது என்று சொன்னதும் அந்தப் பெண் நம்பவில்லை, விளையாடுகிறேன் என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நானும் சிரித்துவைத்தேன்.

பூக் கட்டும் வெள்ளை நூல் ஒரு கண்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். ஊர் நூல் கிடைத்துவிட்டதாம். அது எந்த ஊர் மில்லில் திரித்ததோ, நான் வாயைத் திறக்கவில்லை.


உட்லண்ட்ஸ் வாசி:

வயர்கூடை அக்கா, முன்பெல்லாம் வாழைநாரில்தான் கட்டுவார்கள். ஊறவைத்துக் கிழிக்க வேண்டும். அதையும் காட்டியிருக்கலாம்.


வயர்கூடை:

நூலிலேயே கட்டத் தெரியாது என்கிறேன், நாரை ஊறவைக்கச் சொல்கிறீர்களே.


தெம்பனிஸ் கண்ணி:

எல்லோருடையதையும் படித்தேன். தம்பி, அந்தப் பத்து நொடி வயிற்றைப் பிசைகிறது.

ஸ்வெட்டரைப் பிரித்துவிடச் சொல்லி இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள். பிரிக்கவில்லை. அலுவலக ஏர்கானில் தினமும் போடுகிறேன், அங்கே டியூப்லைட்தானே. ஜூனில் லண்டன் போகும் வழியில் இஸ்தான்புல்லில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளியே போகலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்த முற்றத்தில் அவர் கடை இடது பக்கமா வலது பக்கமா என்பதும் இப்போது நினைவில்லை.


நூலாசிரியன்:

இரண்டு லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்வெட்டரையும். வாசற்படியில் வெளிச்சத்தில் காட்டுங்கள், பேச்சு தேவைப்படாது. ஞாயிறென்றால் கடை மூடியிருக்கப் போகிறது, எந்தக் கிழமை என்று முதலில் பாருங்கள்.