மகுட நீட்டிப்பா, ஈறடிப் பல் திறப்பா?

பல் மருத்துவக் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஈறுக்குக் கீழே உடைந்துபோன அல்லது சொத்தையான பல்லுக்குக் கேப் போடுமுன் செய்யப்படும் ஈறு அறுவைக்கு ‘மகுட நீட்டிப்பு’ (ஆங்கிலத்தில் crown lengthening) என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வேலூரில் நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்குபவன் நான். இதே சொல்லை ஒரு படிவத்தில் இட்டிருந்தேன். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, கையெழுத்திட வேண்டிய இடத்தில் பேனாவை ஊன்றியபடியே, “பல்லு நீண்டுட்டா வாய மூட முடியுமாப்பா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. பல் இம்மியும் நீள்வதில்லை. ஈறை விலக்கி, எலும்பின் விளிம்பைத் தேவையான அளவு செதுக்கி, மறைந்திருந்த நல்ல பகுதியை வெளிப்படுத்துகிறார்கள். கேப் கவ்விப் பிடிக்க 1.5 முதல் 2 மி.மீ. வரை நல்ல பல் வேண்டும். கேப்பின் விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 3 மி.மீ. இருக்க வேண்டும்.

‘ஈறு ஒதுக்கல்’ என்பது பல்லுக்கு அளவெடுக்கையில் நூல் திணித்து ஈறைச் சற்று நேரம் தள்ளிவைப்பதற்கே பொருந்தும். ‘பல் வெளிக்கொணர்வு’ என்றால் கம்பி கட்டிப் பல்லை மேலே இழுக்கும் சிகிச்சையோடு குழம்பும். ஆகவே ‘ஈறடிப் பல் திறப்பு’ என்பது என் பரிந்துரை. நிலத்தடி நீர் நமக்குப் பழக்கம் என்பதால் ஈறடிச் சொத்தையும் எளிதில் விளங்கும். (இலக்கணத்தில் ஈறு கடைசி எழுத்தாயிற்றே என்று புலவர்கள் சிரிக்கலாம்.)

விளைவுகளுக்கும் சொல் வேண்டும். தாழ்த்திய ஈறு ஆறும்போது மறுபடி மேலேறும். தடித்த ஈறிலும், எலும்பைப் போதிய அளவு குறைக்காத இடத்திலும் கூடுதலாக ஏறும். பாலாற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டியவர்களுக்கு இது புரியும்: கரையைச் சரிவாக ஒதுக்காவிட்டால் மணல் திரும்பச் சரிந்து மூடிவிடும். இதை ‘ஈறு மீளேற்றம்’ எனலாம். கடைவாய்ப் பல்லுக்கு ஆறு முதல் எட்டு வாரமும், சிரித்தால் தெரியும் முன்பல்லுக்கு மூன்று முதல் ஆறு மாதமும் பொறுத்தே நிலையான கேப் போடுவது இதனால்தான்.

‘உயிரியல் அகலம்’ (biologic width) என்பதையும் கைவிடலாம். 1961ஆம் ஆண்டு ஆய்வொன்றில் சராசரியாக 2.04 மி.மீ. என்று அளக்கப்பட்ட அது, எலும்பு முகட்டுக்கு மேலே ஈறு பல்லைப் பற்றியிருக்கும் உயரமே தவிர அகலமன்று. 2018இல் வெளியான ஈறு நோய்களின் புதிய வகைப்பாட்டில் ஆங்கிலத்தாரே அந்தப் பெயரை மாற்றிவிட்டனர். நாம் பழையதை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பானேன்? ‘முகட்டுமேற் பற்று’ போதும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எலும்பை மிகுதியாக எடுத்தால் கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியுமிடம் வெளிப்பட்டு, அங்கே அழுக்குத் தங்கிப் பல்லே ஆட்டங்காணக்கூடும். அவ்விடத்தைக் ‘கவட்டை’ என்பது துல்லியம்தான். ஆனால் அந்த அம்மாவிடம் நீட்டும் படிவத்தில் அதை எழுதக் கை வரவில்லை. ‘வேர்க்கிளை’ என்று எழுதலாமா?